நுரையும் புண்ணும்

(கோபாலபுரத்தில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் சங்கத்திலிருந்து என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "ரூட் கெனால் பற்றிப் பேசுங்கள், இல்லாவிட்டால் இம்ப்ளான்ட் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். நான் பற்பசை பற்றிப் பேசுகிறேன் என்றேன். "அதில் என்ன டாக்டர் இருக்கிறது, டிவியில்தான் அரைமணிக்கு ஒருதரம் சொல்கிறார்களே" என்றார் செயலாளர். டிவியில் சொல்வதெல்லாம் பளிச்சென்று சிரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. மாதம் தவறாமல் வாயில் புண் வந்து, நாலைந்து நாள் மோர்சாதத்தோடு காலம் தள்ளுகிறவர்களைப் பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. அவர்களுக்காகத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் எந்தப் புண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பக்கம். இந்த இடங்களில் வட்டமாக ஒரு குழி. நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் சிவப்பாக ஒரு கரை. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். வருவதற்கு முந்தின நாளே அந்த இடத்தில் சுருக்கென்று ஒரு எரிச்சல் தெரியும். பழகினவர்கள் "வரப்போகிறது" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் தழும்பு இல்லாமல் தானே ஆறிவிடும். பிறகு சில வாரம் கழித்து வேறொரு இடத்தில் வரும். நாங்கள் இதை ஆப்தஸ் அல்சர் என்போம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிற சமாசாரம். ஒட்டிக்கொள்ளாது, ஒரே டம்ளரில் குடித்தால் பரவிவிடும் என்று பயப்பட வேண்டாம். உதட்டுக்கு வெளியே கொத்தாகக் கொப்புளம் வந்து உடைகிறதே, அது வைரஸால் வருவது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நான் சொன்ன இடங்களைக் கவனித்திருப்பீர்கள். ஈற்றிலும் மேலண்ணத்திலும் இருக்கிற சவ்வு கெட்டியானது. முறுக்கு கடித்தாலும் தாங்கும். கன்னத்தின் உட்புறமும் உதட்டின் உட்புறமும் அப்படியில்லை. அங்கே சவ்வு மெல்லியது, மேலே கெட்டிப்பட்ட அடுக்கு கிடையாது. ஆப்தஸ் புண் பெரும்பாலும் அந்த மெல்லிய இடமாகப் பார்த்துத்தான் வரும். அந்த இடத்துக்கு இருக்கிற ஒரே போர்வை எச்சிலில் உள்ள வழுவழுப்பான கோழைப் படலம். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புண் வந்தால் நம் ஊரில் என்ன செய்கிறோம்? "உடம்பு சூடு" என்கிறோம். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கிறோம். அகத்திக்கீரை, நெய், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடை பக்கம் போய் மாசிக்காய் வாங்கி வந்து உரசிப் போடுகிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மாசிக்காயில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. தடவினால் புண்ணின் மேல் சுருக்கென்று இறுக்கி ஒரு படலம்போல் நிற்கும், கொஞ்ச நேரம் எரிச்சல் தெரியாது. எதையும் நான் கேலி செய்யப் போவதில்லை. இளைய தலைமுறை மெடிக்கல் ஷாப்பில் போய் ஒரு அட்டை பி-காம்ப்ளெக்ஸ் வாங்குகிறது. கடைக்காரரும் "வாய்ப்புண்ணா சார்?" என்று கேட்டுக்கொண்டே எடுத்து வைத்துவிடுகிறார்.

இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 குறைந்தவர்களுக்கு இந்தப் புண் அதிகம் வரும். இங்கே மூன்று தலைமுறையாக முட்டைகூடத் தொடாத குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு பி12 பரிசோதனை ஒருமுறை செய்து பார்ப்பது புத்திசாலித்தனம். இஸ்ரேலில் 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டவர்களுக்கு ஆறு மாதத்தில் புண் வருவது நன்றாகக் குறைந்தது. ரத்தத்தில் பி12 சரியாக இருந்தவர்களுக்கும் குறைந்ததுதான் ஆச்சரியம். ஆனால் அந்த அளவு, சாதாரண பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் இருப்பதைவிடப் பல மடங்கு. அட்டையை நீங்களாக வாங்கி விழுங்கிக்கொண்டே இருப்பதைவிட ஒரு மருத்துவரைக் கேட்டுச் செய்வது நல்லது. பரம்பரையும் உண்டு, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வராமல் இருப்பது அதிர்ஷ்டம். பரீட்சை நேரம், ஆடிட் நேரம், கல்யாண வேலை. மன உளைச்சலில் வரும். கன்னத்தைக் கடித்துக்கொண்டால் வரும்.

இத்தனை காரணங்களைத் தேடுகிறவர்கள், தினமும் இரண்டு வேளை தாங்களே வாய்க்குள் போடுகிற ஒரு பொருளைச் சந்தேகிப்பதே இல்லை. என் கிளினிக்கில் நான் கேட்கிற முதல் கேள்வி "என்ன பேஸ்ட் போடுகிறீர்கள்?" என்பதுதான். உடனே "நல்ல பேஸ்ட்தான் டாக்டர்" என்று பதில் வரும், ஏதோ நான் குடும்ப கௌரவத்தைப் பற்றிக் கேட்ட மாதிரி.

பேஸ்ட்டில் நுரை எங்கிருந்து வருகிறது? இரண்டாம் உலகப் போர் வரைக்கும் பற்பசையில் நுரைக்காகச் சோப்பைத்தான் கலந்தார்கள். பிறகு அந்த இடத்துக்குச் சோடியம் லாரில் சல்ஃபேட் வந்தது. சுருக்கமாக எஸ்.எல்.எஸ். தேங்காய் எண்ணெய், பனை எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுக்கிற கொழுப்பு ஆல்கஹாலில் செய்வது. விலை மலிவு, கொஞ்சம் போட்டாலே குபுகுபுவென்று நுரைக்கும். பல ஷாம்பூக்களிலும் இதே சரக்குதான். பேஸ்ட்டில் சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு என்ற அளவில் இருக்கும். அழுக்கையும் எண்ணெயையும் பிரித்தெடுப்பது அதன் தொழில். பல்லில் ஒட்டியிருப்பதைக் கிளப்புகிறபோதே, கன்னத்தின் மேல் இருக்கிற அந்த வழுவழுப்புப் படலத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடுகிறது. அடியில் இருக்கிற செல்களின் புரதத்தையும் தொந்தரவு செய்கிறது. எண்ணெய் முழுக்கு நாளில் சீயக்காயை இரண்டு கை அதிகமாகப் போட்டுவிட்டால் தலை வறவறவென்று ஆகிவிடுமே, அது கன்னத்துக்குள் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குப் பல் தேய்த்த கொஞ்ச நேரத்தில் கன்னத்தின் உட்புறத்திலிருந்து வெள்ளையாக, நூல் நூலாக, மெல்லிய தோல் உரிந்து வரும். விரலால் இழுத்தால் வலிக்காது. அதைப் பார்த்துப் பயந்துபோய் என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். பேஸ்ட்டை மாற்றினால் பெரும்பாலும் அது நின்றுவிடும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சோதனை சொல்கிறேன். காலையில் பல் தேய்த்த கையோடு டிகாக்‌ஷன் காபியை வாங்கிக் குடிக்கிறவர்கள் இங்கே எல்லோரும்தான். முதல் வாய் ஒரு மாதிரி கசக்கிறதல்லவா? சர்க்கரை குறைச்சல் என்று வீட்டில் சண்டைகூடப் போட்டிருப்பீர்கள். இனிப்பை உணர்கிற நாக்கின் மொட்டுகளை எஸ்.எல்.எஸ். கொஞ்ச நேரம் மந்தமாக்கிவிடுகிறது. கசப்பு தூக்கலாகத் தெரிகிறது. வெளிநாட்டில் இதே கதையை ஆரஞ்சு ஜூஸை வைத்துச் சொல்வார்கள். ஒரு அரை மணி கழித்துக் குடித்துப் பாருங்கள், அதே காபி சரியாக இருக்கும். தூள் கடைக்காரர் மேல் தப்பில்லை.

எஸ்.எல்.எஸ்ஸுக்கும் புண்ணுக்கும் சம்பந்தம் உண்டா என்று முதலில் முறையாகக் கேட்டவர்கள் நார்வேக்காரர்கள். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பென்ட்டே ஹெர்லோஃப்சன், போல் பார்க்வோல் என்ற இரண்டு பேர். 1994இல் அவர்கள் வெளியிட்ட முதல் ஆய்வில் அடிக்கடி புண் வருகிற பத்தே பேர்தான். மூன்று மாதம் எஸ்.எல்.எஸ். உள்ள பேஸ்ட், மூன்று மாதம் இல்லாத பேஸ்ட். எஸ்.எல்.எஸ். உள்ள பேஸ்ட்டில் சராசரியாக 14 புண் வந்த இடத்தில், இல்லாத பேஸ்ட்டில் 5 ஆனது. பத்து பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது; அவர்களும் சொல்லவில்லை, இது முன்னோட்டம் என்றுதான் எழுதினார்கள். 1996இல் முப்பது பேரை வைத்து, யார் எந்தப் பேஸ்ட் போடுகிறார்கள் என்று போடுகிறவருக்கும் தெரியாமல், கணக்கு எடுக்கிறவருக்கும் தெரியாமல் மறுபடி செய்தார்கள். அதிலும் எஸ்.எல்.எஸ். பக்கம்தான் புண் அதிகம்.

அதோடு முடிந்திருந்தால் நான் ஐந்து நிமிஷத்தில் பேசிவிட்டுக் கீழே இறங்கியிருப்பேன். 1999இல் இங்கிலாந்தில் இதையே செய்து பார்த்தார்கள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 2012இல் கொரியாவில் செய்தார்கள். புண்ணின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் சீக்கிரம் ஆறியது, வலி குறைந்தது. 2019இல் இப்படிப்பட்ட நான்கு ஆய்வுகளையும் ஒன்றாக வைத்து ஒரு அலசல் வந்தது. எண்ணிக்கை, வலி, ஆறுகிற நாள் எல்லாவற்றிலும் எஸ்.எல்.எஸ். இல்லாத பேஸ்ட் பக்கமே தராசு சாய்ந்தது. நான்கிலும் சேர்த்து ஆட்கள் கொஞ்சம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். என் அபிப்பிராயம் இதுதான்: எஸ்.எல்.எஸ். புண்ணுக்கு மூல காரணம் இல்லை. புண் வருகிற சுபாவம் உள்ள வாயில் அது அடுப்பைத் தூண்டிவிடுகிறது. வாய்ப்புண்ணே வராதவர் இதே பேஸ்ட்டை அறுபது வருஷம் போட்டாலும் ஒன்றும் ஆகாது. அவரைப் பார்த்து "உனக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறது" என்று கேட்பதில் அர்த்தமில்லை. எஸ்.எல்.எஸ். புற்றுநோய் தரும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதற்கும் ஆதாரம் கிடையாது. பிரச்சினை எரிச்சல், அவ்வளவுதான்.

சரி, கடைக்குப் போவோம். இதோ என் கையில் இருப்பது சாதாரண வெள்ளைப் பேஸ்ட்டின் அட்டைப்பெட்டி. பெயர் சொல்லவில்லை, முன்பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நமக்கு வேண்டியது முன்பக்கத்தில் இல்லை. முன்பக்கத்தில் பல் மின்னுகிறது, புதினா இலை பறக்கிறது. பக்கவாட்டில், மடிப்பு வருகிற இடத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் ஒரு வரிசை இருக்கிறது. கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். படிக்கிறேன்: கால்சியம் கார்பனேட், சார்பிட்டால், சோடியம் லாரில் சல்ஃபேட்... மூன்றாவதாகவே வந்துவிட்டது. ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கிற பொருள்களை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்று அழகுசாதனப் பொருள்களுக்கான விதி சொல்கிறது. அதனால் வரிசையில் முன்னால் வந்தால் கணிசமாக இருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் சோடியம் மோனோஃப்ளோரோஃபாஸ்ஃபேட், ஃப்ளோரைடு 1000 பிபிஎம். இதற்கு வருகிறேன்.

நீங்கள் தேட வேண்டியது எஸ்.எல்.எஸ். இல்லாத வரிசை. அந்த இடத்தில் கோகாமிடோபுரொப்பைல் பீட்டெய்ன் என்றோ, சோடியம் மெத்தில் கோகோயில் டாரேட் என்றோ, சோடியம் லாராயில் சார்கோசினேட் என்றோ இருக்கும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இவையும் நுரைக்கிற பொருள்கள்தான், சவ்வை இவ்வளவு படுத்தாது. கடைசியாகச் சொன்னதில் "லாராயில்" என்று வருவதைப் பார்த்து "லாரில்" என்று நினைத்துத் திருப்பி வைத்துவிடாதீர்கள்; அது வேறு. பல் கூச்சத்துக்கென்று விற்கிற பேஸ்ட்களில் சிலவற்றில் எஸ்.எல்.எஸ். இல்லை, சிலவற்றில் இருக்கிறது. ஒரே கம்பெனியின் ஒரே பெயரில் வருகிற இரண்டு வகையில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. போன வருஷம் வாங்கியதில் இல்லை என்பதற்காக இந்த வருஷமும் இல்லை என்று நம்ப முடியாது. அதனால்தான் நான் எந்தப் பெயரும் சொல்லமாட்டேன் என்கிறேன். வெளியே போனதும் "டாக்டர் எந்தப் பேஸ்ட் சொன்னார்" என்று நீங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டியைப் படிக்கச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

டியூபின் அடியில் சின்னதாக ஒரு கலர் கட்டம் இருக்கிறது பாருங்கள். பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் கெமிக்கல் என்று எத்தனை பேர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்! அது டியூபை எங்கே வெட்டி மடிக்க வேண்டும் என்று தொழிற்சாலை மிஷினுக்குக் காட்டுகிற அடையாளம். உங்களுக்கும் எனக்கும் அதில் ஒரு தகவலும் இல்லை.

அடுத்தது மூலிகைப் பேஸ்ட். வாய்ப்புண் என்றதும் "கெமிக்கல் வேண்டாம், ஆயுர்வேதப் பேஸ்ட்டுக்கு மாறிவிட்டேன்" என்று சொல்கிறவர்கள் இப்போது நிறைய. அந்தப் பெட்டியையும் படியுங்கள். மூலிகைகளின் தாவரப் பெயர்கள் அளவோடு நீளமாக இருக்கும். கடைசியில் "பேஸ்" என்று போட்டு ஒரு சின்ன வரி. பல பெட்டிகளில் எஸ்.எல்.எஸ். அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அது போக, உள்ளே இருக்கிற மூலிகைகள் என்ன? கிராம்பு எண்ணெய், மிளகு, திப்பிலி, சுக்கு, கற்பூரம். ஈற்றுக்கு விறுவிறுப்பாக இருக்கும், வாசனையாக இருக்கும். புண் இருக்கிற வாயில் இதைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதில் விரோதம் ஒன்றும் இல்லை. இயற்கை என்பதாலேயே மென்மை ஆகிவிடாது, அவ்வளவுதான். சிவப்பு ஜெல் பேஸ்ட்களில் வருகிற லவங்கப்பட்டை வாசனைக்கும் இதே கதி. பட்டையின் மணப்பொருள் சிலருக்கு அலர்ஜியாகவே ஆகிவிடும். உதடு தடித்து, கன்னம் எரியும். ரொம்பக் குளிர்ச்சியான புதினாவும் சிலருக்கு ஆகாது. பல் வெளுக்க, கறை எடுக்க என்று வருகிறவற்றில் உராய்வுப் பொருள் அதிகம் இருக்கும். இப்போது நாகரிகமாக வருகிற கரிப் பேஸ்ட்டும் அந்த வகைதான். நம் தாத்தாக்கள் அடுப்புக்கரியில் தேய்த்து எனாமலைத் தேயவைத்ததை விட்டுவிட்டோம் என்று நினைத்தால், அதையே டியூபில் அடைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

பல்பொடி காலத்து ஆட்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இலங்கை வானொலியில் கோபால் பல்பொடி விளம்பரம் கேட்டு வளர்ந்தவர்கள்! பல்பொடியில் பொதுவாக நுரை கம்மி என்பது உண்மை. அதனால் சிலருக்குப் பொடி போட்ட காலத்தில் புண் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் பொடி விரலோடு சேர்ந்து சவ்வையே உரசும், பெரும்பாலானவற்றில் ஃப்ளோரைடும் இருக்காது. வேறொரு வில்லங்கமும் இருந்தது. ஒரு காலத்தில் சில பல்பொடிகளிலும் பேஸ்ட்களிலும் புகையிலையே கலந்திருந்தார்கள். 1992இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. கணக்கில்லாமல் ஊர்ப்பக்கம் விற்கிற பொடிகளை வாங்கி வாங்கிப் பழகியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அந்தப் பொட்டலத்தை ஒருமுறை பாருங்கள்.

இப்போது நான் ஏற்கனவே தொட்டுவிட்டு வந்த ஃப்ளோரைடு. இன்றைய பேச்சில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. எஸ்.எல்.எஸ். வேண்டாம் என்று தேடிப் போகிறவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள்? பெசன்ட் நகர், அடையாறு பக்கம் இருக்கிற ஆர்கானிக் கடைகளில். அங்கே "எஸ்.எல்.எஸ். இல்லை" என்ற வரிக்குக் கீழேயே "ஃப்ளோரைடு இல்லை" என்று பெருமையாக அச்சடித்திருக்கும். இரண்டையும் ஒரே பாவம் மாதிரி சேர்த்துவிட்டார்கள். பல் சொத்தையைத் தடுப்பதில் ஃப்ளோரைடுக்கு இருக்கிற அளவு ஆதாரம் பேஸ்ட்டில் இருக்கிற வேறெந்தப் பொருளுக்கும் கிடையாது. நுரையைத் தாராளமாக விட்டுவிடலாம், அதனால் பல்லுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சுத்தம் செய்வது பிரஷ்தான். ஃப்ளோரைடை விட்டால் இரண்டு வருஷம் கழித்து என் நாற்காலியில் வந்து உட்காருவீர்கள். எனக்கு வருமானம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

"தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாகிப் பல் மஞ்சளாகிறது என்கிறார்களே?" உண்மைதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்கள் உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்கே வருஷக்கணக்காகக் குடம் குடமாகக் குடித்தார்கள். நீங்கள் கடலை அளவு பேஸ்ட்டைப் போட்டுத் துப்பிவிடுகிறீர்கள். பூண்டியிலிருந்தும் செம்பரம்பாக்கத்திலிருந்தும் நமக்கு வருகிற மெட்ரோ தண்ணீரில் யாரும் ஃப்ளோரைடு கலப்பதில்லை. நம் நாட்டு விதிப்படி பேஸ்ட்டில் 1000 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது, எவ்வளவு என்று டியூபிலும் பெட்டியிலும் அச்சிட வேண்டும். பெரியவர்கள் அந்த 1000க்குப் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வாய்ப்புண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று பேத்தியின் ஸ்ட்ராபெரி பேஸ்ட்டைப் போடுகிற தாத்தாக்கள் எனக்குத் தெரியும். அதில் பல சமயம் ஃப்ளோரைடு பாதிதான் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. வயதானபிறகு ஈறு இறங்கி வேர் தெரிகிற பல்லுக்கு அது போதாது.

மாற்றிப் பார்ப்பது எப்படி? இதிலும் அவசரம் கூடாது. புது பேஸ்ட் வாங்கி ஒரு வாரம் போட்டுவிட்டு "ஒன்றும் குறையவில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள். உங்களுக்கு மாதம் ஒருமுறை புண் வருமென்றால் ஒரு வாரத்தில் என்ன தெரியும்? சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டரில் புண் வந்த நாளையும் ஆறிய நாளையும் பென்சிலால் குறியுங்கள். முதலில் பழைய பேஸ்ட்டோடு இரண்டு மாதம். பிறகு புதியதோடு மூன்று மாதம். அந்தச் சமயத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். பேஸ்ட்டும் புதிது, பி12 மாத்திரையும் புதிது, கூடவே மணத்தக்காளியும் என்று ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மூன்று மாதத்தில் குறைந்தால் அதிலேயே இருங்கள். குறையாவிட்டால் உங்கள் புண்ணுக்கும் நுரைக்கும் சம்பந்தம் இல்லை என்று வைத்துக்கொண்டு மலிவான பேஸ்ட்டுக்கே திரும்பிவிடலாம். எஸ்.எல்.எஸ். இல்லாத பேஸ்ட்கள் சாதாரணப் பேஸ்ட்டைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. சும்மா கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்குத்தான் புண் என்றால் அவருக்கு மட்டும் தனி டியூப் போதும்.

முதல் சில நாள் "தேய்த்த மாதிரியே இல்லை" என்று தோன்றும். நுரைக்குப் பழகிய வாய் அப்படித்தான் சொல்லும். அதற்காக அழுத்தித் தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். மெல்லிய நார் உள்ள, சாஃப்ட் என்று எழுதிய பிரஷ்தான் உங்களுக்கு. பிரஷ்ஷின் தலை கன்னத்தில் இடித்தாலே சிலருக்கு மறுநாள் அங்கே புண்.

கொப்பளிப்பதிலும் ஒரு நுணுக்கம். ஃப்ளோரைடு பல்லில் தங்க வேண்டும் என்றால் தேய்த்தபின் துப்பிவிட்டு அதிகம் கொப்பளிக்காமல் இருப்பது நல்லது என்று நாங்கள் சொல்வோம். எஸ்.எல்.எஸ். உள்ள பேஸ்ட் போடுகிற புண்காரர் அப்படி விட்டால் நுரையும் சேர்ந்து தங்கிவிடும். அவர் நன்றாகக் கொப்பளிக்கத்தான் வேண்டும், ஃப்ளோரைடும் கூடவே போகும். எஸ்.எல்.எஸ். இல்லாத பேஸ்ட்டுக்கு மாறினால் இந்தச் சங்கடம் இல்லை. துப்பிவிட்டு விட்டுவிடலாம். புண்ணுக்கோ ஈறுக்கோ குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால், எஸ்.எல்.எஸ். பேஸ்ட்டில் தேய்த்த உடனே அதை ஊற்றிக்கொள்ளாதீர்கள். ஒன்று நேர்மின்னேற்றம், மற்றது எதிர்மின்னேற்றம். இரண்டும் வாயிலேயே கட்டிக்கொண்டு மருந்தின் வேலை கெட்டுவிடும். குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள்.

பேஸ்ட் புராணம் போதும். எந்தப் பேஸ்ட்டை மாற்றியும் தீராத புண்ணும் உண்டு. ஒரு பெரியவர் நாலு பேஸ்ட் மாற்றிப் பார்த்துவிட்டு வந்தார். நாக்கின் ஓரத்தில், எப்போதும் அதே இடத்தில் புண். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, பிளேடு மாதிரி ஒரு முனை. அதைத் தேய்த்து மழுங்கடித்தேன். ஐந்து நிமிஷ வேலை. பத்து நாளில் ஆறிவிட்டது. ஆப்தஸ் புண் ஊர் சுற்றும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே எதுவோ குத்துகிறது என்று பாருங்கள். கம்பி போட்ட பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குக் கம்பியின் மேல் ஒட்டிக்கொள்ள மெழுகு தருவோம்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், குறிப்பாக வலி இல்லாவிட்டால், காட்டிவிடுங்கள். ஓரம் கெட்டியாக இருந்தாலும், பக்கத்தில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தாலும் காத்திருக்காதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறவர்கள் விஷயத்தில் நான் மூன்று வாரம்கூடக் கொடுக்கமாட்டேன். குட்காவைத் தமிழ்நாட்டில் 2013இல் தடை செய்தார்கள். தடை செய்ததாலேயே ஊரில் இல்லை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டீர்கள். பக்கத்திலேயே ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அங்கே வாய் நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வாய்ப்புண்ணோடு கூடக் கண்ணில் சிவப்பு, பிறப்புறுப்பில் புண், அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடை குறைவு என்று ஏதாவது இருந்தால் அது வாயோடு நிற்கிற சமாசாரம் இல்லை. பொது மருத்துவரிடம் போங்கள்.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்கிறார்கள்.

புண் இருக்கும்போது பல் தேய்க்கலாமா என்று கேட்கிறார் அம்மா. தேய்க்க வேண்டும். விட்டால் அழுக்குச் சேர்ந்து ஆறுவது தாமதமாகும். ரொம்ப எரிந்தால் அந்த இரண்டு மூன்று நாள் பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம், பிறகு பேஸ்ட்டுக்குத் திரும்பிவிடுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம். உப்பை நேராகப் புண்ணில் வைக்காதீர்கள், அது வீரம் காட்டுகிற இடம் இல்லை. மரத்துப்போகிற ஜெல் சாப்பாட்டுக்கு முன்னால் தடவிக்கொள்ளலாம். சாலிசிலேட் உள்ள ஜெல்லைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது.

வேப்பங்குச்சி? ஆலும் வேலும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை, குச்சியில் எஸ்.எல்.எஸ். கிடையாது. நன்றாக மென்று தும்பாக்கத் தெரிந்தவர்களுக்குச் சரி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதி மென்ற குச்சியால் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஃப்ளோரைடு பேஸ்ட்டை ராத்திரிக்காவது விடாதீர்கள்.

பேரனுக்கு நாலு வயது, எவ்வளவு பேஸ்ட்? பட்டாணி அளவு, அதற்கு மேல் வேண்டாம். மூன்று வயதுக்குள் என்றால் அரிசி அளவு. துப்பக் கற்றுக்கொடுங்கள். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி வளைத்துப் பிதுக்குகிறார்களே, அது பேஸ்ட் விற்பதற்கு.

பின்வரிசையில் ஐயா கேட்கிறார், பல் செட்டுக்கும் இதே பேஸ்ட் போடலாமா என்று. வேண்டாம். பேஸ்ட்டில் இருக்கிற உராய்வுப் பொருள் அக்ரிலிக்கைக் கீறிவிடும். கீறலில் கிருமி தங்கி, செட்டுக்கு அடியில் புண் வரும். சாதாரணச் சோப்பும் தனியாக ஒரு பிரஷ்ஷும் போதும், நன்றாக அலசிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். செட் தளர்ந்துபோய் ஆடிக்கொண்டிருந்தால் அதை ஒட்டவைக்கப் பசை வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது காட்டுங்கள், உங்கள் புண்ணுக்குக் காரணம் அந்த ஆட்டமாகவே இருக்கலாம்.